கடை போனில் சேர்ந்துபோன முகங்கள்

வேலூரில் காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பதினேழு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிற ஜனங்கள்தான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர்கள். காலையில் ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே நாலைந்து பேர் நிற்பார்கள். கொல்கத்தா, ராஞ்சி, அகர்தலா, டாக்கா என்று எங்கெங்கிருந்தோ வந்து காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு நேராக வந்திருப்பார்கள். ஆதார், பாஸ்போர்ட், பழைய ரிப்போர்ட், ஊர் டாக்டர் எழுதிய சீட்டு என்று எல்லாவற்றிலும் இரண்டிரண்டு காப்பி வேண்டும்.

முன்பெல்லாம் காகிதமாகக் கையில் கொண்டுவருவார்கள். கொரோனாவுக்கு அப்புறம் எல்லாம் போனுக்குள் போய்விட்டது. "தாதா, நம்பர்ட்டா போலுன்" (அண்ணா, நம்பரைச் சொல்லுங்க) என்று வங்காள மொழியில் கேட்பார்கள். நான் சுவரைக் காட்டுவேன். 'வாட்ஸ்அப் பிரிண்ட்' என்று தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் எழுதி, கீழே கடை நம்பரை ஒட்டியிருக்கிறேன். அனுப்புவார்கள், பிரிண்ட் எடுப்பேன், காசு வாங்குவேன். அத்தோடு அந்த ஆளை மறந்துவிடுவேன். அனுப்பிய படம் என்ன ஆகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

2023-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சத்துவாச்சாரி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. குலதெய்வக் கோயிலில் எடுத்த போட்டோ ஒன்று வேண்டும் என்று கடை போனை எடுத்துப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நைனா, இவங்கல்லாம் யாரு?"

போட்டோ ஆப்பைத் திறந்து வைத்திருந்தாள். சின்னச் சின்ன வட்டமாக முகங்கள். எங்கள் வீட்டு முகங்கள் ஐந்தாறு. மற்றதெல்லாம் எனக்கு அறிமுகமே இல்லாதவை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒரு வட்டத்தை அவள் தொட்டுக் காட்டினாள். ஒரு பெண், முப்பது வயசு இருக்கலாம். மூன்று படங்கள். ஒன்று அவருடைய ஆதார் கார்டு. இன்னொன்று கல்யாணச் சான்றிதழில் புருஷனோடு நிற்கிற படம். மூன்றாவதில் தலை மொட்டையடித்து, மார்பில் ஆபரேஷன் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். டாக்டரிடம் காட்ட எடுத்ததாக இருக்கும். மற்ற காகிதங்களோடு அதுவும் சேர்ந்து என் நம்பருக்கு வந்திருக்கிறது.

எனக்கு அவர் முகம் சுத்தமாக ஞாபகம் இல்லை. அந்த மூன்று படமும் ஒரே நாளில் வந்தவைகூட இல்லை, இடையில் இரண்டு மாசம் இருந்தது. போன் அதுவாகவே மூன்றையும் சேர்த்து, இது ஒரே ஆள் என்று ஒரு வட்டத்துக்குள் வைத்திருந்தது. பேர், ஊர், பிறந்த தேதி, புருஷன் பேர், வியாதி எல்லாம் ஓரிடத்தில். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஆதார்கூட யார் போன்லயாவது இப்டிதான் இருக்குமா நைனா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குத் தூக்கமும் வரவில்லை.

மறுநாள் கணக்குப் பார்த்தேன். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். எப்படிச் சேர்ந்தன என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வாட்ஸ்அப்பில் படம் வந்தால் தானாகவே இறங்கி கேலரியில் உட்காரும். போன் வாங்கின புதுசில் 'இந்த ஃபோல்டரையும் பேக்கப் எடுக்கட்டுமா' என்று கூகுள் போட்டோஸ் கேட்டிருக்கும், யாரோ 'சரி' அழுத்தியிருப்போம். அதன்பின் வந்த படமெல்லாம் இணையத்தில் என் கணக்குக்கும் ஏறியிருக்கிறது. அதே கணக்கு வீட்டில் டேப்லெட்டிலும் இருந்தது. அதாவது நான் போனில் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அழித்தாலும் கேலரியில் இருக்கலாம், கணக்கில் இருக்கும். பிரிண்ட் எடுக்கும் கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ஒரு காப்பி கிடக்கும். ஒரு ஆதார் அட்டைக்கு நாலு இடம்.

நாலையும் காலி செய்தேன். கூகுள் போட்டோஸில் அழித்தது உடனே போய்விடாது, பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதனால் அதையும் திறந்து காலி செய்ய வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் மீடியா தானாக இறங்குவதை நிறுத்தினேன். கேலரியில் தெரியும் வசதியை அணைத்தேன். புதிதாக வரும் செய்திகள் 24 மணி நேரத்தில் மறையும்படி வைத்தேன். போட்டோஸில் முகங்களைச் சேர்த்துக் காட்டும் வசதியையும் அணைத்துவிட்டேன். வீட்டுப் படங்களுக்கு வேறு போன், வேறு கணக்கு. இவ்வளவுக்கும் ஒரு மத்தியானம்தான் ஆனது. ஏன் இத்தனை வருஷம் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்ல வேண்டும். கடைக்கு அனுப்பியதை 'எல்லோருக்கும் அழி' என்று கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சாட்டில் இருந்துதான் அது போகும். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இறங்கிய ஃபைல் அப்படியே இருக்கும். ஆகவே பிரிண்ட் கைக்கு வந்ததும் நகராமல், "அண்ணா, கம்ப்யூட்டர்லயும் அழிச்சிடுங்க" என்று கேளுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

இணையத்தில் எடுக்கும் ஆதார் பி.டி.எஃப். பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எல்லோரும் ஏமாறுகிறோம். அதற்குப் பாஸ்வேர்டு இருக்கிறது, பத்திரம் என்று நினைக்கிறோம். பாஸ்வேர்டு என்ன? பேரின் முதல் நாலு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருஷம். இரண்டும் ஆதார் கார்டிலேயே அச்சாகியிருக்கிறது. உங்கள் பேரும் வயசும் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். தினமும் பத்துப் பேராவது ஃபைலையும் பாஸ்வேர்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எனக்கு அனுப்புகிறார்கள். கவுன்ட்டரில் வந்து நீங்களே கீபோர்டில் தட்டுங்கள் என்று இப்போது நான் சொல்லிவிடுகிறேன்.

கடையில் ஒரு மூலையில் பிரவுசிங் கம்ப்யூட்டர் ஒன்றும் உண்டு. ஒருநாள் மத்தியானம் ஒரு பெரியவர் அதில் சம்சாரத்தின் சிறுநீரக வியாதியைப் பற்றி ஒரு மணி நேரம் தேடிப் படித்தார். டயாலிசிஸ், மாற்று அறுவை, செலவு எல்லாம். அடுத்து ஒரு காலேஜ் பையன் ஹால் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தான். அவன் திறந்த பக்கத்தின் ஓரமெல்லாம் கிட்னி விளம்பரம். பையன் என்னைப் பார்த்தான், நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் அப்போதும் வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். பார்க்கிற பக்கங்களுக்குள்ளே விளம்பரக் கம்பெனிகள் குக்கி என்று ஒரு சின்ன அடையாளத்தைப் பிரவுசரில் விட்டுவிட்டுப் போகின்றன. அடுத்த பக்கத்திலும் அதே கம்பெனியின் விளம்பரம் இருந்தால், இது அதே ஆள் என்று அது தெரிந்துகொள்ளும். உட்கார்ந்திருப்பது வேறு ஆள் என்பது அதற்குத் தெரியாது.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் பிரவுசர் விருந்தினர் முறையில்தான் திறக்கும், மூடினால் எல்லாம் அழிந்துபோகும். ஆனால் இன்காக்னிட்டோ என்ற தடம் வைக்காத முறையைப் போட்டால் யாருக்குமே தெரியாது என்று நம்ப வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரில்தான் தடம் இருக்காது. இணைய இணைப்பு கொடுக்கிறவருக்கும், நீங்கள் போன தளத்துக்கும் தெரியும். உள்ளே போய் உங்கள் மெயிலைத் திறந்துவிட்டால் அந்தக் கம்பெனிக்கு நீங்கள் யார் என்றே தெரிந்துவிடும். சொந்த ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி, அதற்குள் விளம்பரம் என்று போனால் விளம்பர அடையாள எண்ணை அழிக்க ஒரு வசதி இருக்கிறது. ஆப்களுக்கு இருப்பிடம் கொடுத்திருந்தால் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றி வையுங்கள். அம்மாவின் போனில் நான் பார்த்தபோது, பஞ்சாங்க ஆப் ஒன்று அவர் போகிற இடத்தையும் போனில் இருக்கிற நம்பர்களையும் எந்நேரமும் பார்க்க அனுமதி வாங்கி வைத்திருந்தது. ராகுகாலம் சொல்ல அதற்கு எதற்குப் பக்கத்து வீட்டு நம்பர்?

இனி காகிதம். ஜெராக்ஸ் கடையில் வீணாகும் தாள் நிறைய. கோணலாக விழுந்தது, மங்கலாக விழுந்தது, இரண்டு கேட்டு மூன்று வந்தது. எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவதுதான் எல்லாக் கடையிலும் வழக்கம். அங்கிருந்து அது போண்டா மடிக்கவும் வேர்க்கடலைப் பொட்டலத்துக்கும் போகும். கோட்டை வெளியில் சாயங்காலம் கடலை வாங்கித் தின்றுவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் ஒருமுறை பிரித்தபோது உள்ளே யாருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோ இருந்தது. பேர், வயசு, போன் நம்பர், எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கீழே போட மனசு வரவில்லை. மறுவாரமே தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டும் மிஷின் ஒன்று வாங்கினேன். எடைக்குப் போட்டால் வருகிற காசு போச்சு. அந்தக் கீற்றுகளைக் கண்ணாடி வளையல் கடைக்காரர் பேக்கிங்குக்கு வாங்கிக்கொள்கிறார்.

பெரிய ஜெராக்ஸ் மிஷின்கள் பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்பதையும் தொழில் செய்கிற நண்பர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஓடிய தாளின் உருவம் அதில் தங்கலாம். மிஷினை மாற்றும்போது மெக்கானிக்கிடம் சொல்லி அதைத் துடைத்துவிட்டோ கழற்றிவிட்டோ கொடுங்கள்.

இதையெல்லாம் செய்து முடித்த அடுத்த வருஷம் என் மச்சானுக்கு வந்தது பிரச்சினை. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. பைக் வாங்கக் கடன் கேட்டான். "உங்க பேர்ல பழைய கடன் கட்டாம நிக்குது" என்று சொல்லிவிட்டார்கள். அவன் எடுக்காத ஆன்லைன் கடன். பதினெட்டாயிரம் ரூபாய், ஒரு தவணைகூடக் கட்டப்படவில்லை. ராத்திரி பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"மாமா, நான் யாருக்கும் ஓ.டி.பி. சொன்னதே இல்ல மாமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உட்கார வைத்துப் பார்த்தோம். சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசு தளத்தில் நம் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். அவன் பேரில் மூன்று. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாரோ அவன் ஆதார் காப்பியை வைத்து சிம் வாங்கி, அந்த சிம்முக்கே ஓ.டி.பி. வரவழைத்துக் கடனும் வாங்கியிருக்கிறார்கள். 'என் எண் இல்லை' என்று அந்தத் தளத்திலேயே புகார் கொடுத்தோம். 1930-க்குப் போன் செய்து சைபர் குற்றப் புகார் பதிந்தோம். யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைத்திருக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த கம்பெனிக்கும் எழுதினோம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படித் தவறான பதிவைத் திருத்தக் கேட்டால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது. கடிதத்தில் அதையும் குறிப்பிட்டு எழுதினோம். பதிவு நீங்கியது. வருஷத்துக்கு ஒருமுறை சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் முழு ரிப்போர்ட்டை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். இப்போது எங்கள் வீட்டில் பொங்கல் லீவில் அதை எல்லோருக்கும் எடுத்துவிடுகிறேன்.

அவன் வேலையில் சேர்ந்தபோது பதினோரு காப்பி ஆதார் எடுத்தான். என் கடையில்தான் எடுத்தான். அதற்கு முன்னால் வேறு நாலைந்து இடத்திலும் கொடுத்திருக்கிறான். எங்கிருந்து போனது என்று தெரியவில்லை. என் கடையில் இருந்து போகவில்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை.

அன்று ராத்திரியே அவன் ஆதாரில் கைரேகையைப் பூட்டினோம். ஆதார் ஆணையத்தின் ஆப்பில் பயோமெட்ரிக் லாக் என்று இருக்கிறது. பூட்டிவிட்டால் உங்கள் ஆதார் எண்ணும் போலியாகச் செய்த ரேகையும் கிடைத்தாலும் கைரேகை மிஷினில் பணம் எடுக்க முடியாது. பத்திரப் பதிவுக் காகிதத்தில் இருந்த ரேகையை நகலெடுத்துப் பணம் எடுத்த கதையெல்லாம் நடந்திருக்கிறது. நமக்குத் தேவைப்படும்போது கொஞ்ச நேரம் திறந்துகொள்ளலாம். நம் ஆதாரை எங்கே, எப்போது சரிபார்த்தார்கள் என்பதையும் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் பார்க்க முடியும். சந்தேகம் இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்குப் போன் செய்யலாம்.

ஆதார் ஆணையமே 2022 மே 27 அன்று பெங்களூர் மண்டல அலுவலகம் வழியாக ஓர் அறிவிப்பு விட்டது. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள், ஆணையத்தின் உரிமம் இல்லாத ஓட்டல்களும் சினிமா தியேட்டர்களும் நகலை வாங்கி வைக்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. பிரவுசிங் சென்டரில் ஆதார் எடுக்காதீர்கள், எடுத்தால் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்து அடியோடு அழியுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். தப்பாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில், 29-ம் தேதி, திரும்பப் பெற்றுவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது வாபஸ் ஆகியிருக்கக் கூடாது. அன்றைக்கு அது நிலைத்திருந்தால் எங்கள் தெருவில் எத்தனையோ லாட்ஜ் டிராயர்கள் இன்றைக்குக் காலியாக இருந்திருக்கும். அறிவிப்பு போனாலும் மறைத்த ஆதார் போகவில்லை. மைஆதார் தளத்தில் யாரும் எடுக்கலாம்.

எடுக்கத் தெரியாதவர்களுக்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். கறுப்பு சார்ட் பேப்பரில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி மிஷின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முதல் எட்டு எண்ணின் மேல் அதை வைத்துக் காப்பி எடுக்கிறேன். காப்பி எடுத்த பிறகு மார்க்கரால் அடித்தால் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடலாம், அதனால்தான் முன்னாலேயே மறைக்கிறேன். 2018-க்கு முந்தைய பழைய கார்டு என்றால் கியூஆர் கோடுக்குள்ளேயே முழு எண்ணும் இருக்கக்கூடும். அதையும் மூடிவிடுகிறேன். காப்பியின் மேல் குறுக்காக 'லாட்ஜில் தங்க மட்டும்' என்று எழுதித் தேதி போடச் சொல்கிறேன். ரேஷன், அரசு மானியம் போன்றவற்றுக்கு முழு எண் கேட்பார்கள், அங்கே கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நான் பொருள் வாங்கப் போகிற கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டால் நான் இப்போது கொடுப்பதில்லை. நம்பர் கொடுத்தால்தான் பொருள் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் துறையே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. "நம்பர் இல்லாம பில் போடுங்க" என்றால் போடுகிறார்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்ன தீர்ப்பைப் பற்றி மகள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். வழக்குப் போட்ட புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாசம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தன் வீட்டு உபயோகத்துக்கு வைத்திருக்கும் விவரத்துக்கு அதில் விலக்கு உண்டு. என் கடை கம்ப்யூட்டரில் கிடப்பது வீட்டு உபயோகம் இல்லை.

போன மாசம் திரிபுராவில் இருந்து ஒரு அம்மா வந்தார், மகனுக்கு இதய ஆபரேஷன். பிரிண்ட் எடுத்ததும் மானிட்டரை அவர் பக்கம் திருப்பி, அவர் ஃபைல்களை ஒவ்வொன்றாக அழித்துக் காட்டினேன். எல்லாருக்கும் செய்வதுதான். அவர் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "தாதா, லாட்ஜில் கொடுத்தது?" என்று இந்தியில் கேட்டார்.

கடையைப் பக்கத்து டீக்கடைப் பையனிடம் விட்டுவிட்டு அவரோடு போனேன். மேனேஜர் பதினைந்து வருஷப் பழக்கம். டிராயரை இழுத்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள், அடியில் இருந்ததெல்லாம் மஞ்சள் பாய்ந்திருந்தது. "போலீஸ் வந்து கேட்டா இன்னா பண்றது?" என்றார். பேரும் விலாசமும் லெட்ஜரில் இருக்கிறதே, வெளிநாட்டுக்காரர் தங்குகிற விவரம் அரசுக்கு ஆன்லைனில் போய்விடுகிறதே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த அம்மாவின் காப்பியைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தார். எண் மறைத்த காப்பியை நான் கொடுத்தேன், அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

கட்டுகளை என்ன செய்வது என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோணிப் பை நிறையக் கடைக்கு வந்து சேர்ந்தது. நானும் மகளும் வெட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.